மிஸ்டு காலும் ஒரு கோடுதான்

கையுறை இல்லாமல் பிரசவம் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவள் நம்பூசி. கம்பாலாவின் அரசு ஆஸ்பத்திரி நர்சுகளை வேலைநிறுத்தத்துக்குக் கிளப்பிவிட்டவளும் அவள்தான். அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை வேலைநிறுத்தம் என்று பெயரில்லாத நோட்டீஸ் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. யாரும் தனக்குப் போன் செய்யக்கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் நேரில் சொல்லியிருந்தாள். அவர்களும் செய்யவில்லை. மிஸ்டு கால் மட்டும் கொடுத்தார்கள்.

அந்த ஊரில் மிஸ்டு கால் போனில் சேர்த்தியில்லை. காசு போகாதது எப்படிப் போனாகும்? ஒரு மணி அடித்தால் கூட்டம் உண்டு, இரண்டு அடித்தால் இல்லை என்று அந்தப் புண்ணியவதிகளே ஏற்பாடு செய்துகொண்டு, நாள் தவறாமல் அவளுக்கு அடித்துத் தள்ளினார்கள்.

போன் கம்பெனியில் வேலை பார்க்கும் கொழுந்தன் செம்வேசி ஒரு நாள் மத்தியானம் வந்தான். மாத முடிவில் போலீஸ் எல்லா நர்சுகளின் போன் கணக்கையும் வாங்கப்போகிறதாம். ஒவ்வொரு நம்பரையும் ஒரு புள்ளியாக வைத்து, யார் யாருக்கு அடித்தார்கள் என்று கோடு போட்டுப் பார்த்து, எந்தப் புள்ளியில் கோடுகள் குவிகின்றனவோ அதைத் தூக்கி உள்ளே வைப்பார்களாம். மற்றவர்களுக்கு மன்னிப்பாம்.

"எனக்குத்தான் யாரும் பேசலையே" என்றாள்.

"மிஸ்டு காலும் கோடுதான் அண்ணி. உங்க புள்ளி இந்நேரம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருக்கும்."

கையில் இருந்த மத்தோக்கே வாழைக்காய் மசியல் தட்டில் விழுந்தது. இரண்டு பிள்ளைகளையும் யாரிடம் விடுவது என்றுதான் முதலில் நினைத்தாள். சிம்மைக் குப்பையில் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். திடீரென்று ஊமையான புள்ளியைத்தான் முதலில் தேடுவார்கள் என்றான் அவன். போட்ட கோட்டை அழிக்க முடியாது.

இன்னும் நிறையக் கோடு போடலாமே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். சித்தப்பா மகள் கல்யாணம் வருகிறது. கம்பாலாவில் கல்யாணச் செலவுக்கு ஊரெல்லாம் வசூல் செய்யும் கல்யாணக் கமிட்டியின் தலைவருக்குப் பயப்படாத மனிதர் இல்லை. நம்பர் கிடைத்தால் நன்கொடை வாங்காமல் விடமாட்டார். இந்தக் கல்யாணத்துக்கு முக்வாயா என்ற பள்ளித் தலைமையாசிரியர் தலைவர். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர் என்பதால் ஊரே மரியாதையாக ஸலோங்கோ என்றுதான் கூப்பிடும்.

நம்பூசி எல்லா நர்சுகளின் நம்பரையும் அவரிடம் கொடுத்தாள். உங்கள் பள்ளியில் போலீஸ்காரர் பிள்ளைகளும் படிக்கிறார்களே, கை தாராளமானவர்கள் என்றும் போட்டு வைத்தாள். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. எல்லோரையும் கமிட்டியில் சேர்த்து, நன்கொடை கேட்டு ஒருவரை விட்டு ஒருவரைப் போனில் விரட்டச் சொன்னார். நர்சுகள் நம்பூசியை வாய் நிறையத் திட்டினார்கள். கேட்கக் கேட்க அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மாதம் பிறந்ததும் இன்ஸ்பெக்டர் ஒங்வெச் கூப்பிட்டனுப்பினார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே. மேஜைமேல் ஒரு பெரிய காகிதம், சிலந்தி பின்னியதுபோல் கோடுகள். நடுவில் இருந்த பெரிய புள்ளி அவளுடையது அல்ல.

"இது யாரு தெரியுமா?"

"ஸலோங்கோ. எங்க கல்யாணக் கமிட்டித் தலைவருங்க ஐயா."

"தெரியும். எனக்கும்தான் உசிரை எடுக்கறாரு." விரலை நகர்த்தினார். "இது நான். இது என் சம்சாரம். பக்கத்துல கொழுத்துக் கிடக்கே, அது எங்க பெரிய ஐயா. இதை அவர்கிட்டயே நீட்டி, வேலைநிறுத்தத்துக்கு நீங்களும் கூட்டான்னு கேக்கச் சொல்றீங்களா?"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நாலாக மடித்து இழுப்பறைக்குள் தள்ளினார். போகலாம் என்றார். கதவருகில் போனவளை மறுபடி கூப்பிட்டார்.

"சம்சாரத்துக்கு இந்த மாசக் கடைசியில பிரசவம். உங்க வார்டுதான். கையுறை இருக்குமா?"

நம்பூசி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இப்ப இல்லீங்க. வியாழக்கிழமைக்கு அப்புறம் இருக்கலாம்."

"அப்ப வியாழக்கிழமை நல்லபடியா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேறு பைலை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்துதான் மூச்சுவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பையில் போன் ஒரு மணி அடித்து நின்றது, கூட்டம் உண்டு. திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. உடனே மறுபடி அடித்தது, இந்தத் தடவை நிற்காமல். ஸலோங்கோ. ஊரே எடுக்கப் பயப்படும் அந்தப் போனை எடுத்து, பாக்கி நன்கொடையை இன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன் ஐயா என்றாள்.