இரண்டாவது குண்டு

போலீஸ் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கழுவ விட்டார்கள். ரப்பர் ஷீட் உலர்த்தும் புரையின் சிமென்ட் தரையை விலாசினி தேங்காய்ச் சவுரி நாரால் தேய்த்தாள். தம்பி ஜெயதாஸின் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அறுத்துத் தைத்து வந்த அவன் உடல் முற்றத்தில் கிடந்தது. சுட்ட அண்ணன் தேவகுமார் ஸ்டேஷனில் இருந்தான்.

அம்மா அம்மிணி அருகில் வந்து குந்தினாள்.

“மக்கா, அது தொடர்ந்து வெடிக்குற தோக்காக்கும். பிடிவலியில தானா வெடிச்சுன்னு சொல்லு. ஒருத்தன் போயாச்சு. மற்றவனாவது எனக்கு வேணும்.”

விலாசினி தண்ணீரை வீசி ஊற்றினாள்.

மலைத்தோட்டத்துத் துரை கப்பலேறும்போது பூட்டனுக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள் வெட்டி மடிந்த காலத்தில் செய்ததாம். எதிராளி ஒரு வெடி போட்டு மறுபடி மருந்து இடிப்பதற்குள் இது பத்துப் பேரைச் சாய்த்துவிடும் என்று அப்பா தங்கையன் நெஞ்சு விரியச் சொல்வார். பன்றி விரட்ட விலாசினிக்கும் பழக்கியிருந்தார். அடியிலுள்ள லிவரைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டா தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்தது ஏறும். கை அசையாமல் ஏறாது.

நேற்று இதே புரையில், விலாசினியின் கண்முன்னே, அண்ணன் கையிலிருந்த துப்பாக்கியின் குழலை ஜெயதாஸ் பிடித்து இழுத்தான். “லைசன்ஸ் இல்லாத்த சாதனம் வீட்டுல வேண்டாம். ஸ்டேஷன்ல கொடுத்திரலாம்.”

“விடுலே! அப்பனுக்க தோக்கு. தொட்டா கொன்னுபோடுவேன்.”

முதல் குண்டு தொடையைப் பிய்த்தது. விழுந்தவன் கையை நீட்டினான். “அண்ணா, வேண்டாம்.”

தேவகுமார் லிவரைத் தள்ளினான். இழுத்தான். அவ்வளவு நேரமும் தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நெஞ்சில் சுட்டான்.

வாக்குமூலம் எடுக்க மறுபடி வந்த இன்ஸ்பெக்டர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “இப்படியொரு தோக்கை நான் கண்டதில்ல. தானா அடுத்தடுத்து வெடிக்கும்னு அம்மா சொல்றாங்க. உள்ளதாம்மா?”

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். நகம் தோலில் இறங்கியது.

“இல்ல சார்,” என்றாள் விலாசினி. “ரெண்டாவதுக்கு லிவரு இழுக்கணும். அண்ணன் இழுத்தாரு. நான் கண்டேன்.”

அம்மா அவள் வாயிலேயே அறைந்தாள். உதடு கிழிந்தது. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள். விலாசினி முகத்தைத் திருப்பவில்லை.

தெற்குப் பறம்பில் குழியை மூடி எல்லாரும் கலைந்தபோது மழை இருட்டியது. கொடியில் மகன்களின் சட்டைகள் காய்ந்து ஆடின. அம்மா மூத்தவனுடையதை எடுத்து மடித்தாள். இளையவனுடையதைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் போகாத துணியைப் போல அதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.