இரண்டாம் பாகம் வெளியில் இருக்கிறது

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு நூலகர் சிரித்தார்.

அவரிடம் வேலை பார்த்த பத்தொன்பது வருடங்களில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தும்மல் என்று நினைத்தாள். படிப்பறையில் இரண்டு பேர் தலையைத் தூக்கி 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தார்கள், பிறகு அதன் அடியில் உட்கார்ந்திருந்த நூலகரைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மேசையில் வரிசையாக இருந்த, அவள் படம் வரைந்த நான்கு அட்டைகளையும் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இத அனுப்ப முடியாதும்மா."

"ஏன் சார்?"

"இது நம்ம டெய்லர்."

"பேரே போடலயே."

"பேரு எதுக்கு? கழுத்துல அளவு நாடா. காதுல சாக்பீஸ். மூக்கு வேற அவரோட மூக்கு. கண்ண மூடிட்டுப் பார்த்தாலும் தெரியும்."

"போர்டுல எத்தனை பேர வரைஞ்சு ஒட்டியிருக்கேன். உங்களையே ரெண்டு தடவ."

"அது நம்ம சுவரு. இது பத்திரிகை. யாரு என்ன புத்தகம் எடுத்தாரு, எத்தனை நாள் வச்சிருக்காருங்கறது நம்ம பதிவேட்டுக்குள்ள இருக்க வேண்டிய விஷயம். அவரு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நானே ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிச்சல் வந்தது.

புத்தகம் வழங்கும் மேசையில் உட்கார்ந்து தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. வாசகர்களுக்கு அவள் சீல் அக்கா. நூலகத்துக்குக் கணினி வந்தபோது, புத்தக விவரம் எழுதிய பழைய அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கழிந்தன. ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் வெற்று. அவள் அவற்றின் வெற்றுப் பக்கத்தில் வரையத் தொடங்கினாள். ஓர் அட்டை ஒரு கட்டம். நான்கு அட்டை ஒரு சிரிப்பு. ஒவ்வோர் அட்டையின் அடியிலும் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும், இழுப்பறைக் கம்பி நுழைவதற்காக. அதை மறைக்க முடியாது. அதனால் அது ஒரு கட்டத்தில் சட்டைப் பித்தான் ஆனது, ஒரு கட்டத்தில் எலி வளை, ஒரு கட்டத்தில் கவிதை நூல் கேட்டு வந்தவரின் கொட்டாவி.

ஐந்து பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ஓட்டையை அடைத்துவிட்டு வரைந்தால் பார்க்கலாம் என்று ஒன்று எழுதியது. ஆறாவது பத்திரிகையின் ஆசிரியை ஓட்டைக்காகவே கூப்பிட்டாள். ஞாயிறு இதழில் வாராவாரம். பத்து வேண்டும், முதலில் வருவது டெய்லர்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. அஞ்சு அஞ்சுக்கு வந்தா அந்த இடத்துல குறுக்கெழுத்து போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க," என்றிருந்தாள் ஆசிரியை.

மூன்று இருபது. நாடாவை எடுத்துவிட்டுக் கையில் குடையைக் கொடுத்து ஒரு தாளில் வரைந்து பார்த்தாள். டெய்லர் போய்விட்டார். சிரிப்பும் கூடவே போய்விட்டது. தாளைக் கசக்கிப் போட்டாள்.

"சார், ஒரு மணி நேரம் பர்மிஷன்."

"சீல்?"

"நீங்க குத்துங்க. தேதிய மட்டும் மாத்திடாதீங்க."

தையல் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. டெய்லர் மெஷினில் இருந்தார். அவர் மனைவி மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பித்தான் கட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுமேசையில் ஒரு சாம்பல் துணி விரிந்திருந்தது. அது நழுவாமலிருக்க ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டி, மறு முனையில் ஒரு தடித்த புத்தகம்.

அவர் மாதக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நூலகப் புத்தகம்தான் அது என்று முதுகைப் பார்க்காமலே தெரிந்தது. இரண்டாம் பாகம்.

"வாங்க சீல் அக்கா. தைக்கவா, பிரிக்கவா?"

"கையெழுத்து வேணும்."

"கையெழுத்தா? நான் எதுலயும் மாட்டலையே."

அட்டைகளை மெஷின் பலகையில் வரிசையாக வைத்தாள். முதல் கட்டத்தில் டெய்லர் புத்தகத்தை நீட்டுகிறார்: இன்னும் பதினாலு நாள். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் சீல் அக்கா கேட்கிறாள்: பதினஞ்சு தடவை ஆச்சே, இன்னுமா முடிக்கல? நான்காவதில் டெய்லர் நாடாவால் புத்தகத்தின் கனத்தை அளக்கிறார்: அவசரப்பட்டா அளவு தப்பிடும்.

டெய்லர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இங்க வா, இங்க வா. என் மூக்கப் பாரு."

மனைவி ஊசியோடு வந்து பார்த்தாள். "குறைச்சுத்தான் போட்டிருக்காங்க."

"எதுல வருது?"

"ஞாயித்துக்கிழமை இதழ்ல. முதல் வாரமே நீங்கதான்."

சிரிப்பு அணைந்தது. "மச்சான் அத ஒரு எழுத்து விடாம படிப்பாரே."

"எங்க அண்ணன் படிச்சா என்ன?" என்றாள் மனைவி.

அவர் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசி அது.

விஷயம் மெதுவாக வந்தது. மனைவியின் அண்ணன் அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் துப்பறியும் நாவல் பைத்தியம். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு விருந்தில், டெய்லர் அன்றுதான் எடுத்து வந்த முதல் பாகத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் படித்து முடித்திருந்தார்.

"கொலை பண்ணது யாருன்னு இருபது பேரு முன்னாடி சொன்னாரு. நான் முதல் பக்கமே திருப்பல. சொல்லிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'ரெண்டாம் பாகத்துல இதவிடப் பெருசா ஒண்ணு இருக்காம், மாப்ள. படிச்சிட்டுச் சொல்றேன்.'"

"அதனால?"

"அதனால மறுநாள் காலைல நூலகம் தெறக்கும்போதே வந்து எடுத்துட்டேன். அவரு இப்ப படிக்கட்டும், பார்ப்போம்."

"நீங்க படிச்சீங்களா?"

"மூணு பக்கம். முதல் பாகத்துலதான் ருசியே போச்சே."

மனைவி புத்தகத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "வயசு அம்பது. எங்க அண்ணனுக்கு அம்பத்தாறு. துணிக்குப் பாரம் வைக்கறதுக்கா இத வச்சிருக்கீங்க?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் அக்கா. கோச்சுக்காதீங்க."

மணி மூன்று நாற்பத்தைந்து.

மனைவி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு முறை பார்த்தாள். பின்னாலும் படம் இருக்குமோ என்று திருப்பினாள். மூன்றாவது அட்டையில் அவள் கை நின்றது.

"இது எங்க அண்ணன் எழுத்து."

பச்சை மை. 'இரண்டாம் பாகம் வந்ததும் எனக்குத் தெரிவிக்கவும். மருந்துக்கடை.' கீழே தேதி. ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

சீல் அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். வெளியில் போயிருக்கும் புத்தகம் வேண்டுமென்றால் வாசகர் எழுதிக் கொடுப்பதும் அதே அளவு அட்டையில்தான், அதே ஓட்டை. அந்தத் தட்டு அவள் வலது கைப் பக்கம். வரைவதற்கு எடுத்து வைக்கும் கட்டு அதற்கும் பக்கத்தில். வெற்றுப் பக்கம் மேலே இருந்தால் எந்த அட்டையும் அவளுக்கு வெற்று அட்டைதான். ஏழு மாதமாக அது அவள் கைப்பையில் கிடந்திருக்கிறது. இந்த வாரம் அதில் மூக்கு வரைந்திருக்கிறாள்.

இன்னொருவர் கேட்டு எழுதி வைத்த புத்தகத்தைப் புதுப்பிக்கக் கூடாது. அவள் பதினைந்து தடவை குத்தியிருந்தாள்.

டெய்லர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப தப்பு என்னோடது இல்ல. நான் கேட்டேன், நீங்க குத்துனீங்க. ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானைல விழுந்த மாதிரியில்ல இருக்கு!"

"ஆமா," என்றாள்.

அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பினாள். ஒரு பக்கம் மூக்கு. மறு பக்கம் பச்சை மை.

"அந்த மேசைல எனக்கு ஒரு முழம் இடம் குடுங்க."

"எதுக்கு?"

"துணிய மடிங்க முதல்ல."

அவர் மடித்தார். அவள் கைப்பையிலிருந்து பேனாவையும் அட்டைக் கட்டையும் எடுத்தாள். இரண்டு அட்டைகளை உருவினாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். வரைந்தாள்.

முதல் கட்டம் அப்படியே இருந்தது. அளக்கிற கட்டம் இரண்டாவதாக ஏறியது. மூன்றாவதில் டெய்லருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கூன் முதுகு: அந்தப் புத்தகத்துக்கு நான் எழுதிக் குடுத்த அட்டை என்னாச்சு? நான்காவதில் சீல் அக்கா ஒரு பச்சை எழுத்து அட்டையின் பின்பக்கம் மும்முரமாக வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் இருங்க சார், உங்களைத்தான் வரைஞ்சிட்டிருக்கேன். ஓட்டை அவள் வாயானது. வேலை செய்யும்போது அவளுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

டெய்லர் தோள்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது கட்டத்தில் மூக்கால் சிரித்தார்.

"கடைசில மாட்டுறது நீங்கதானா?"

"மாட்ட வேண்டியவ நான்தானே."

"அந்த முதுகு," என்றாள் மனைவி, "அசல் எங்க அண்ணன் முதுகு."

"கோட்ட எடுத்துடுங்களேன்," என்றார் டெய்லர். "யாரோ ஒரு முதுகுன்னு இருக்கட்டும். அவர்கிட்டப் போக வேண்டாம் பாருங்க."

அவளுக்குக் கசக்கிப் போட்ட குடைப் படம் ஞாபகம் வந்தது.

"எடுக்க மாட்டேன். அவர்கிட்டயும் வாங்கறேன்."

"குடுக்க மாட்டாரு. நானே குடுக்கல."

"நீங்க குடுக்கப் போறீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினார்: ஆட்சேபணை இல்லை. மூக்கு சரி. கையெழுத்துப் போட்டார். புத்தகத்தை எடுத்து நீட்டினார். அவள் பிடித்தாள். அவர் விடவில்லை.

"கடைசிப் பக்கம் மட்டும் ஒரு தடவ பார்த்துக்கறேன். அரை நிமிஷம். மச்சான்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்."

"விடுங்க."

விட்டார்.

மருந்துக்கடைக்கு அவள் ஏறக்குறைய ஓடினாள். நான்கு இருபத்தெட்டு. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் இருமல் மருந்தின் நிறத்தைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தன் முறை வரும்வரை நின்றாள். மருந்துக்கடைக்காரர் வெள்ளைக் கோட்டில், கொஞ்சம் கூனி, சட்டைப் பையில் பச்சைப் பேனாவோடு இருந்தார்.

"சொல்லும்மா."

அவள் முதலில் புத்தகத்தை வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

"நான் நாலு தடவ வந்து கேட்டேன்."

"ஆமா."

"நாலு தடவயும் 'வெளியில இருக்கு, வந்ததும் சொல்றோம்'னு சொன்னீங்க."

"ஆமா சார். நீங்க எழுதிக் குடுத்த அட்டைய எடுத்தது நான்தான். தெரியாம எடுத்தேன். அது பின்னாடி படம் போட்டுட்டேன்."

பச்சை எழுத்து மேலே இருக்கும்படி அந்த அட்டையை வைத்தாள். அவர் படித்தார். திருப்பினார். மூக்கைப் பார்த்தார். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சாக்பீஸ் வாசனை. மாப்பிள்ளைகிட்டயா இருந்துச்சு?"

"பதிவேட்ல இருக்கறத நான் சொல்லக் கூடாது சார்."

"சொல்லக் கூடாது. வரையலாமாக்கும்?"

அவள் புதிய நான்கு கட்டங்களையும் வரிசையாகப் பரப்பினாள். பக்கத்தில் டெய்லர் எழுதிய தாளை வைத்தாள். ஞாயிறு இதழைப் பற்றியும் ஐந்து மணியைப் பற்றியும் நூலகர் கேட்ட கையெழுத்தைப் பற்றியும் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். சுவர்க் கடிகாரம் நான்கு முப்பத்தெட்டைக் காட்டியது. நூலகத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். ஓடினால் ஆறு.

"நான் போடலன்னா?"

"குறுக்கெழுத்து வரும்."

"எனக்குக் குறுக்கெழுத்து பிடிக்கும்."

அவள் அட்டைகளை எடுக்கவில்லை. பின்னால் வரிசையில் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் செருமினார். அவள் நகரவில்லை.

மருந்துக்கடைக்காரர் மருத்துவர் சீட்டைப் படிப்பதுபோலப் படித்தார். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் விரல் வைத்து, அவசரமில்லாமல். மூன்றாவதில் தன் முதுகைக் கண்டார். தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார். நான்காவதுக்குப் போனார். மறுபடி மூன்றாவதுக்கு வந்தார். மறுபடி நான்காவது. பச்சைப் பேனாவைப் பையிலிருந்து எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார். அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"கையெழுத்து அப்புறம் இருக்கட்டும் சார்," என்றாள். "சிரிப்பு வருதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."