பர்னபாஸின் மூக்கும் பேரில்லாத பாட்டிலும்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக் கிளப்பின் பட்லர் பர்னபாஸுக்கு விஸ்கி மூக்கு என்று துரைமார் நடுவில் பெரிய பேர். கிளாஸை முகர்ந்து, கண்ணை மூடி, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் என்ன? பாட்டிலைத் திறப்பவரே அவர்தானே! லேபிளைப் படித்துவிட்டு முகர மூக்கு எதற்கு? அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை என்பது கர்த்தருக்கும் மனைவி சாராவுக்கும் மட்டும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பெங்களூர் ராணுவத் தண்டிலிருந்து ஒரு வெள்ளைக்கார வியாபாரி வந்தார். ஸ்காட்லாந்தில் ஒரே வடிசாலையில் ஒரு பீப்பாய் வாங்கி, தானே பாட்டிலில் அடைத்த சரக்கு. லேபிளில் வியாபாரி பேர்தான் இருந்தது, வடிசாலைப் பேர் இல்லை. "எங்கள் பர்னபாஸ் கண்டுபிடிப்பான்" என்று மார்தட்டினார் மேனேஜர் துரை. கண்டுபிடித்தால் ஹெட் பட்லரின் சிவப்புப் பட்டை அன்றைக்கே இடுப்பில் ஏறும். சேதி முன்னமே தெரிந்திருந்ததால், பட்டை வந்துவிட்ட மாதிரியே சாரா சர்ச் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள்.

பர்னபாஸ் முகர்ந்தார், ஒன்றும் பிடிபடவில்லை. குடித்துப் பார் என்றார் வியாபாரி. குடித்தார். அடப்பாவி, நெருப்பு! கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொய் யோசிக்க நேரமில்லாமல் உண்மை வந்துவிட்டது.

"கார்பாலிக் வாசன தொரை. முன்னே சுரங்க ஷாஃப்டுல வேல செய்யும்போது கால் நசுங்கினப்போ ஆஸ்பத்திரியில கட்டுன துணி மாதிரியே கீது."

வியாபாரி எழுந்தே நின்றுவிட்டார். அது ஒரு தீவுச் சரக்காம், குடித்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்களாம். மேனேஜர் துரை தன் கையாலேயே பட்டையைக் கட்டினார். பதினோரு வருஷப் புளுகுக்குக் கிடைக்காதது ஒரு உண்மைக்குக் கிடைத்ததே என்று பர்னபாஸுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இன்னொண்ணு இருந்தாலும் குடுங்க தொரை" என்றார்.

வியாபாரி உள்ளே போய் வேறொரு கிளாஸோடு வந்தார். பர்னபாஸின் நாக்கு மரத்துக் கிடந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அதே ஆஸ்பத்திரிதான் தொரை. இது பழைய வார்டு" என்றார்.

அது காலையில் அவரே போட்டு ஆறிப்போன டீ.

எல்லாரும் சிரித்தார்கள், துரையைத் தவிர. கட்டிய கையாலேயே பட்டையை அவிழ்த்துக்கொண்டார்.

"இன்னாங்க, பட்டை எங்க?" என்றாள் சாரா, அவர் வீட்டுப் படியேறியதுமே.

பர்னபாஸ் ஒன்று விடாமல் சொன்னார். சாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்க டீ மருந்து மாதிரி கீதுன்னு நான் எத்தினி வருசமா சொல்றேன்! மூக்கு சரியாத்தாங்க சொல்லிக்கீது."

மறுநாள் வெறும் இடுப்போடு சர்ச்சுக்குப் போய், யாரும் கேட்பதற்கு முன்னால் பர்னபாஸே இந்தக் கதையை எல்லாரிடமும் சொன்னார்.