ஒரு வேலைக்கு மட்டும் என்று நினைத்த கையெழுத்து

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ரே டோம்பெக் ஈரக் கான்கிரீட்டின் ஓரத்தில் எழுந்து நிற்பதும் மறுபடி மண்டியிடுவதுமாக இருந்தார். டொலிடோ நகரில் பள்ளிக்கூடக் கட்டட வேலையை, தொழிலாளர் யூனியனோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனிக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். அதற்காகவே ஏப்ரலில் தன் கான்கிரீட் கம்பெனிக்காக யூனியன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வீடுகளுக்குக் கான்கிரீட் போடும் வேலைகளை மட்டும் பழைய ஆட்கள் நால்வரை வைத்து, ஒன்பது வாரமாகப் பழைய கூலிக்கே செய்துவந்தார்.

யூனியன் ஏஜென்ட் டெலோரஸ் காரைவிட்டு இறங்கி வந்தாள்.

"என்ன ரே, என்னைக் கூப்பிடாமலே கல்யாணமா?"

"இது வீட்டு வேலை. நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான கையெழுத்துப் போட்டேன்?"

"பேப்பர்ல எந்த வரியில பள்ளிக்கூடம்னு இருக்கு? உங்க கம்பெனி முழுசுக்கும்தான் போட்டீங்க. ஒரு வேலைக்கு மட்டும்னா, அப்பவே கேட்டு எழுதி வாங்கியிருக்கணும்."

மூத்த ஆள் கஸ் மட்டப்பலகையை நிறுத்தாமலே கேட்டான். "அப்போ எங்களுக்கும் பென்ஷன் உண்டா, பாஸ்?"

"ஒன்பது வாரமா உண்டு," என்றாள் டெலோரஸ். "இவருதான் இன்னும் கட்டலை."

கஸ் சிரித்தான். ரேவுக்குச் சிரிப்பு வரவில்லை. கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்ததால் சண்டை போடவும் நேரமில்லை. மறுபடி மண்டியிட்டுத் தேய்த்தார். மனம் நிலைகொள்ளாமல் கணக்கைப் பெருக்கிக்கொண்டே போனது. நாலு பேர், ஒன்பது வாரம், வாரத்துக்கு நாற்பது மணி நேரம், ஒரு மணி நேரத்துக்குக் கூலி போக நிதிக்கு இருபது டாலர். பென்ஷனுக்கும் மருத்துவ நிதிக்கும் அவர் கட்ட வேண்டிய பாக்கி இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு டாலர்.