கொடி பிடித்தவரின் தலை

சுருளியாண்டிக்குப் போலீஸ் தடியென்றால் பயமில்லை. போட்டோப் பெட்டியென்றால்தான் பயம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாக நம்பியிருந்தார். நாற்பத்திரண்டில் உத்தமபாளையம் கடைவீதியில் 'வெள்ளையனே வெளியேறு' ஊர்வலம் போனபோது, முன்வரிசையில் கொடி பிடித்தவர் அவர்தான். ஸ்டுடியோக்காரர் ஏசுதாசன் முக்காலியை நிறுத்தி, "யாரும் அசையாதீக" என்றதும், மொத்த ஊர்வலமும் கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றது. விரட்ட வந்த போலீஸ்காரர்கள்கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள் என்றால் பாருங்கள். சுருளியாண்டி மட்டும் ஆயுசைக் காப்பாற்றிக்கொள்ளத் தலையை வெடுக்கென்று திருப்பிவிட்டார்.

அதற்கு வினை ஐந்து வருஷம் கழித்து வந்தது. சுதந்திரம் வருவது உறுதியானதும், ஏசுதாசன் அன்று படம் பிடித்து நெல் குதிருக்குள் ஒளித்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை எடுத்து அச்சுப் போட்டு, ஒரு கடலைக் கிட்டங்கிச் சுவரெங்கும் மாட்டினார். சனம் திரண்டு வந்து பார்த்தது. படத்தில் கொடி பிடித்து நிற்பவரே ஆகஸ்ட் பதினைந்தன்று கொடியேற்றுவார் என்று கமிட்டிச் செயலாளர் கர்ணன் அறிவித்தார்.

சலவை வேட்டி கட்டி, மனைவி பஞ்சம்மாளையும் கூட்டிக்கொண்டு போன சுருளியாண்டி, படத்தில் தன்னைத் தேடினார். வேட்டி இருந்தது, சட்டை இருந்தது, கையில் கொடி இருந்தது. தலையைத் திருப்பிய வேகத்தில் கழுத்துக்கு மேலே வெறும் புகை.

"இது நானாக்கும்," என்றார் பக்கத்தில் நின்ற அம்மாவாசி. ஊர்வலத்தன்று மாமனார் வீட்டில் கறிச்சோறு தின்ற மனுஷன்.

"பொய் சொல்லாதய்யா. அது நான்."

"மூஞ்சியக் காட்டு, பாப்பம்."

கூட நின்றவர்களைக் கேட்டால், எல்லோரும் போட்டோப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் யார் என்று கவனிக்கவில்லையாம்.

"வேற அடையாளம் இருந்தாச் சொல்லுங்க," என்றார் கர்ணன்.

அடையாளம் இருந்தது. சொன்னால் வீடு ரெண்டாகும். அன்று கொடிக்குப் பச்சைத் துணி கிடைக்காமல், பஞ்சம்மாளின் அண்ணன் வீரபாண்டித் திருவிழாவுக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கரையோடு கிழித்துவிட்டார் சுருளியாண்டி. அவள் வீடெல்லாம் தேடியபோது வாயைத் திறக்கவில்லை. தன் நாத்தனார் அன்னத்தாய்தான் எடுத்துப்போனாள் என்று பஞ்சம்மாளாகவே முடிவு கட்டிவிட்டாள். ஐந்து வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"ஒண்ணும் இல்லங்க," என்றார் சுருளியாண்டி. அன்று வாங்கிய தடியடிகூட இப்படி வலிக்கவில்லை.

பஞ்சம்மாள் படத்துக்குக் கிட்டப் போனாள். கொடியின் அடியோரம் அன்னப்பட்சிக் கரை துல்லியமாகத் தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எங்க வீட்டு ஆளுதான்," என்றாள்.

"எப்பிடித்தா சொல்றீக?" என்று கேட்டார் கர்ணன்.

"கொடிக்கு அடியில இருக்கது என் சேலை. அது அம்மாவாசி அண்ணன் கைக்கு எப்பிடிப் போச்சுன்னு அவுகளையே கேளுங்க."

அடுத்தவன் பெண்டாட்டி சேலைக்கு அம்மாவாசி என்ன பதில் சொல்வார்? "அது நான் இல்லப்பா" என்று வேகமாக வெளியே போய்விட்டார்.

"அப்பக் கொடியேத்துறது நம்ம சுருளியாண்டிதான்," என்றார் கர்ணன்.

"அவுக எதுக்கு? சேலை என்னோடது. நான் ஏத்துறேன். அவுக போயி, தங்கச்சி கால்ல விழுந்து கூட்டியாரட்டும்."

ஆகஸ்ட் பதினைந்தன்று ஏசுதாசன் மறுபடி முக்காலியை நிறுத்தினார். நடுவில் கொடிக்கயிற்றோடு பஞ்சம்மாள். ஒரு பக்கம் அன்னத்தாய், மறுபக்கம் சுருளியாண்டி.

"தலையத் திருப்புனீகன்னா இனி வீட்டுல சோறு கெடையாது," என்றாள் பஞ்சம்மாள், உதட்டை அசைக்காமல்.

அந்தப் படத்தில் சுருளியாண்டியின் முகம் மீசை மயிர்வரை தெளிவாக விழுந்திருக்கிறது. கண்கள் மட்டும் பெட்டியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்க்கின்றன.