பெஞ்சில் ஓர் ஆள்

இருமுவதற்காகச் சற்றே எழுந்த ஒரு சித்தப்பா திரும்ப உட்காரும்போது நாற்காலி இல்லை. பக்கத்திலிருந்தவர் இடுப்பைப் பிடித்ததால் தப்பினார்.

"எவன்டா அவன்? பொணம் ஒண்ணு போதாதா உங்களுக்கு?"

மடித்த நாற்காலியோடு நின்ற நெட்டைப் பையன் பதறினான். "சாரி தாத்தா. ஆள் எந்திரிச்சா உடனே மடிச்சு அடுக்கணும். அக்கா சொல்லியிருக்காங்க."

அந்த அக்கா கூடத்தில் படுத்திருந்தாள், முதல்முறையாக யாருக்கும் வேலை ஏவாமல்.

அவள் தம்பியான கண்ணாடிக்கடைக்காரருக்கு எரிச்சல் வந்தது. தனக்கு மட்டும் அக்காவாக இருந்தவள், தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றதும் இளைஞர் மன்றத்தில் தொண்டராகச் சேர்ந்து ஊருக்கே அக்கா ஆகிவிட்டாள். அவரையும் விடாமல் கூப்பிட்டாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்டா."

"எனக்குத்தான் பிள்ளையே இல்லையே, வளர்றதுக்கு?" என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். நேற்றுக் காலை பல் துலக்கும்போது அவள் இதயம் நின்றது.

மன்றத்துப் பிள்ளைகள் விடிந்ததும் வந்துவிட்டார்கள். பந்தல் போட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள். இரண்டு மாமிகள் பாதி குடித்துக்கொண்டிருந்த காப்பித் தம்ளர்களையும் வாங்கிக் கழுவிவிட்டார்கள்.

மனைவி அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அதுங்க சட்டைக்குள்ள என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

கழுத்துப் பட்டன்வரை பூட்டிய சட்டைகளின் விளிம்பில் மஞ்சள் ஜெர்சி தெரிந்தது.

"நாலு மணிக்கு ஃபுட்பால் ஃபைனலாம். மன்றத்துப் பெரியவங்க ஒருத்தர் பெஞ்சில இருந்தாத்தான் ஆட விடுவாங்களாம். இருந்தது உங்க அக்கா ஒருத்திதான்."

"அப்ப வாயைத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?"

"சாவு வீட்ல எதையும் கேக்கக் கூடாதாம். அதுவும் உங்க அக்கா பாடம்தான்."

"செத்தும் கெடுக்கிறா. அடக்கம் பண்ணிட்டு நேரா மேட்ச்சுக்குப் போனா ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடும். இதுங்க மூணு மாசமா வெயில்ல ஓடியிருக்குங்க."

அடக்கம் முடிந்து திரும்பியபோது மணி மூன்றே கால். யாராவது கேட்பார்கள் என்று அவர் வாசலில் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த நாற்காலிகளை நத்தை வேகத்தில் மடித்தார்கள். ஒன்றை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "நான் வந்து உக்காந்தா ஆட விடுவாங்களாடா?"

பதினோரு சட்டைகளின் பட்டன்கள் கழன்றன.

மைதானத்தில் நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு சார்?"

"அக்காவோட தம்பி."

"இந்த டீம்ல எல்லாருமே அக்காவோட தம்பிதான். மன்றத்துல இருக்கீங்களா?"

அவர் நெட்டையைப் பார்த்தார். நெட்டை வானத்தைப் பார்த்தான். கேட்கக் கூடாது என்ற விதி இங்கேயும் நடப்பில் இருந்தது போலும்.

"இருக்கேன்," என்றார். "இன்னைலேர்ந்து."

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு கோல் விழ, துள்ளி எழுந்து கைதட்டினார்.

"அங்கிள், அது அவங்க போட்டது," என்றான் கோட்டோரம் வந்த நெட்டை.

"தெரியும். நல்லா போட்டான்ல?"

அடுத்து, பையன்கள் 'சைரன்' என்று கூப்பிடும் ஒருவன், பெயருக்கு ஏற்ற அலறலோடு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நொண்டி நொண்டி வந்து பெஞ்சில் அமர்ந்தான். எதுவும் சொல்லாமல், சேறு அப்பிய காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தான், வழக்கமாக அக்கா மடியில் வைப்பவன்போல.

அடக்கத்துக்கு உடுத்திய வெள்ளை வேட்டி. அவர் காலைத் தள்ளவில்லை. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார். மைதானத்தில் ஒரே கூச்சல்; யாரோ கோல் போட்டுவிட்டார்கள். அவர் நிமிரவில்லை. சைரனும் மைதானத்தைத் திரும்பிப் பார்க்காமல் காலை அசைக்காமல் வைத்திருந்தான்.

"மெதுவா அவுருங்க அங்கிள்," என்றான். "அவசரமில்லை."