டைல்ஸ் 3

"ஆச்சு அக்கா. சின்ன விஷயம்" என்று சொல்லிக்கொண்டே தம்பி பொத்தானை அழுத்தினான்.

திரையில் பச்சைப் பட்டை ஓடி முடிந்தது. அவள் கணவரின் கையடக்க ஹாம் ரேடியோ ஒரு முறை கீச்சிட்டது. அதோடு அதற்குள் இருந்த தொண்ணூறு அலைவரிசைகளும் போய்ச் சேர்ந்தன. அவற்றின் சொந்தக்காரர், தம்பி இப்போது உட்கார்ந்திருக்கும் இதே நாற்காலியில், காலை ஆறரைக்குப் போயிருந்தார். அவரும் இவ்வளவு சத்தம்கூடப் போடவில்லை.

பின்னால் நின்ற, கணவரின் ரேடியோ நண்பர் பேங்க்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன தம்பி பண்ணினே?"

"ரேடியோவுல இருக்கறதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்தேன்."

"எடுக்கலைப்பா. கொடுத்துட்டே. 'படி'யை அழுத்தணும், நீ 'எழுது'வை அழுத்திட்டே. காலிப் பட்டியல் உள்ளே போய் உட்கார்ந்துடுச்சு."

திரையின் தலைமாட்டில், கணவரின் கையெழுத்தில், சிவப்பு மையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: முதலில் படி. பிறகுதான் எழுது. எறும்புகூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடும் அளவுக்குப் பெரிய எழுத்து.

"இதைப் பாக்கலையா நீ?" என்றாள் அவள்.

"பாத்தேன். ஏதோ டியூஷன் பசங்களுக்கு எழுதி வெச்சிருக்காருன்னு நினைச்சேன்."

அறைக்கதவு வழியாகக் கூடத்தில் கிடத்தியிருந்தவரின் பாதங்கள் தெரிந்தன. இடது பாதத்தில் கம்பி பற்றவைக்கும் சூட்டுக்கோல் விழுந்த பழைய தழும்பு. எடுத்துப்போக வண்டி ஐந்து மணிக்கு வரும். இப்போது மூன்று.

சனிக்கிழமைதான் மலை உச்சியில் இருக்கும் ரிப்பீட்டரின் பூட்டை மாற்றியிருந்தார்கள். இந்தக் கிழவர்களின் பேச்சை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பிச் சொல்லும் எந்திரம் அது. பேசுகிற ரேடியோ ஒரு குறிப்பிட்ட மெல்லிய ஒலியையும் சேர்த்து அனுப்பினால்தான் காது கொடுக்கும். அந்த ஒலியின் எண் என்ன என்று கேட்டால் நண்பர்கள் நால்வரும் நாலு எண் சொன்னார்கள். பேங்க்காரர் சொன்னது அவருடைய பழைய லாக்கர் எண். எல்லாவற்றையும் அவளுடைய கணவரே பார்த்துக்கொள்வார் என்று நாலு ரேடியோக்களையும் கொண்டுவந்து மேசையில் கொட்டிவிட்டுப் போனவர்கள், அவர்கள்.

புதிய எண் ஏறியவை இரண்டே இரண்டு. ஒன்று கணவருடையது. இன்னொன்று 'ஏணி' என்று எல்லோரும் கூப்பிடும் நண்பருடையது. கணவருடையதிலிருந்து மற்ற நாலுக்கும் பிரதி எடுக்கலாம் என்றுதான் தம்பி உட்கார்ந்தான். இப்போது மூலமே காலி.

ஏணி அவர்களிலேயே உயரமானவர். ஊரில் எந்த மாடியில் ஆன்டெனா நட்டாலும் அவர்தான் ஏறுவார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டு மாடியிலிருந்து விழுந்தார். அன்றிலிருந்து ஊரின் மறு கோடியில், ஒன்பதாம் மாடியில், படுக்கையில். அவர் வீட்டுக்கு ஒரே போன். அதை மருமகள் வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள். யாராவது நேரில் போனால் வண்டி கிளம்பும் முன் திரும்ப முடியாது. பதினோரு வருஷமாகச் சரியாக நாலு மணிக்கு அவள் கணவர் ரேடியோவில் வருகைப் பதிவு எடுப்பார். மழை, காய்ச்சல், மகளின் கல்யாணம் எதற்கும் அது நின்றதில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினார். முதல் பெயர் ஏணி.

"நாலு மணிக்கு அவருக்குச் சொல்லியாகணும்" என்றாள் அவள். காலையிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான். "அவரைத் தூக்கிட்டுப் போன அப்புறம் யாரோ சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது."

"கம்ப்யூட்டர்ல சேமிச்சு வெச்சிருப்பாரே" என்றார் நால்வரில் இன்னொருவரான டெய்லர். "கடைசியா வெச்ச கோப்பு எதுன்னு தேதி பாருங்க."

தேதி பார்த்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் கடிகார பேட்டரி செத்துப் பல வருஷம். ஒவ்வொரு முறை போடும்போதும் அது புத்தம் புதிதாகப் பிறந்து, பிறந்த தேதியையே காட்டும். இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் ஒரே நாளில் உருவானவை. பெயர்கள்தான் வேறு வேறு.

தம்பி அங்கொன்றும் இங்கொன்றுமாக உரக்கப் படித்தான். "பல்வலி. குடை 1. குடை 2. குடை, பேசிட்டா. மிக்ஸி 1, 2, 3, 4. மிக்ஸி, பேசிட்டா... என்ன அக்கா இது? அத்தான் ரேடியோவுக்குப் பேர் வெச்சாரா, மளிகை லிஸ்ட் போட்டாரா?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி வந்தான் 1" என்று படித்தவன் நிறுத்தினான். அது ஆறு வரை போயிற்று. பிறகு, 'தம்பி போனான், பேசிட்டா.'

டெய்லர் இருமினார். பேங்க்காரர் ஜன்னலைப் பார்த்தார். தம்பி, "தையல் மெஷின் ஒன்பது வரைக்கும் இருக்கு. பெரிய நம்பர் அதான். அதையே ஏத்தவா?" என்றான்.

"அது இருபது வருஷத்துக்கு முன்னாடி. என் மெஷினை வித்து ஆன்டெனா வாங்கினாரு. ஒன்பது நாள் நான் பேசலை." அவள் மவுஸைத் தன் பக்கம் நகர்த்தினாள். "தள்ளு."

பட்டியல் கீழே ஓடியது. யாருக்கும் தெரியாத வரிசை அவளுக்குத் தெரிந்தது. குடை அவள் அப்பாவின் குடை; அதன் கம்பிகளில் ஆன்டெனா செய்தார். மிக்ஸி அதற்கும் முந்தியது. பல்வலி அவருடையது, அன்று சண்டை இல்லை, அதனால் நம்பரும் இல்லை.

அகரவரிசையின் நடுவில் டைல்ஸ் 1. டைல்ஸ் 2. டைல்ஸ் 3.

வெள்ளிக்கிழமை, போட்டுப் பத்து நாள்கூட ஆகாத சமையலறை டைல்ஸில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு ஆன்டெனா கம்பியை இழுத்திருந்தார். சனி, ஞாயிறு, திங்கள். இன்று செவ்வாய். "கிடைச்சிடுச்சு" என்றாள்.

டைல்ஸ் 3-க்கு அடுத்த வரியைப் பார்த்தாள். தம்பி வந்தான் 1. மேலே போய் மறுபடி கீழே வந்தாள். அப்புறம் இன்னொரு தடவை.

"என்னக்கா தேடறே? அதான் கிடைச்சிடுச்சுன்னியே?"

"ஒண்ணுமில்லை."

கோப்பைத் திறந்தாள். கம்ப்யூட்டர் கம்பியை ரேடியோவில் அழுத்திச் செருகினாள். காலி ரேடியோவில் படிப்பதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் முதலில் 'படி'யை அழுத்திப் பட்டை முழுசாக ஓடும்வரை காத்திருந்து, அப்புறம்தான் டைல்ஸ் 3-க்குத் திரும்பி 'எழுது'வை அழுத்தினாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. சுவரின் ஓட்டை வழியாக வந்த கம்பியைத் தம்பி ரேடியோவின் தலையில் திருகினான்.

பேங்க்காரரிடம் நீட்டினாள். அவர் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் தரையைப் பார்த்தார். விட்டால் மலை ரிப்பீட்டரே காதைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடும் அளவுக்குப் பேசுகிறவர்கள். ஒருவர் கையும் நீளவில்லை.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் பேங்க்காரர். "லைசென்ஸ் இருக்கே உங்களுக்கு."

இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் நச்சரிப்புத் தாங்காமல் பரீட்சை எழுதி, அவரைவிட ஏழு மார்க் கூட வாங்கினாள். அந்தக் கோபத்தில் அவரும் மறுபடி பேசச் சொல்லவில்லை, அவளும் பேசவில்லை.

சரியாக நாலுக்கு ரேடியோ கரகரத்தது. "எங்கேப்பா? நாலாச்சு. உன் கம்ப்யூட்டர் மாதிரி நீயும் நின்னுட்டியா?" ஏணியின் குரல். பின்னால் அவருடைய சிரிப்பு.

கூடத்தில் யாரோ "உஷ்" என்றார்கள்.

அவள் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏணி அண்ணா, நான் பேசறேன்" என்றாள். "அவரு இல்லை. காலையில ஆறரைக்கு. நாற்காலியிலேயே. கஷ்டப்படலை. இன்னிக்குப் பேரு நான் கூப்பிடறேன்."

அவ்வளவுதான் வந்தது. பாதி திறந்த சமையலறைக் கதவின் வழியே வெள்ளை டைல்ஸும் அதைத் துளைத்துப் போகும் கறுப்புக் கம்பியும் தெரிந்தன. ஓட்டையைச் சுற்றி விரிசல் விழாமல் இருக்க அவர் ஒட்டியிருந்த டேப் இன்னும் பிரிக்கப்படவில்லை.

பேங்க்காரர் குனிந்து மெல்லச் சொன்னார். "விரலை எடுங்கம்மா. நீங்க எடுத்தாத்தான் அவன் பேச முடியும்."

தெரியும் என்பதுபோல் தலையசைத்தாள். விளக்கு சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.